குடும்பத்தார் செய்கிற ஒயின் என்றாலே உசத்தியா? (இத்தாலி, லாங்கே மலைப்பக்கம்)

கடலைமிட்டாய்:
போன அக்டோபரில் தூரினில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் காரில் லாங்கே மலைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். பார்பரெஸ்கோ ஊரை ஒட்டி ஒரு சின்னக் குடும்பம், ஐந்து ஹெக்டேர் திராட்சைத் தோட்டம், அப்பாவும் மகளும்தான் தோட்டத்து வேலை, நிலவறை வேலை, பாட்டிலில் லேபிள் ஒட்டுவது எல்லாம். ருசி பார்க்க உட்காரச் சொன்னார்கள், கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து பாட்டி ஒரு தட்டு தாயரின் கொண்டுவந்து வைத்தார். மாவில் முட்டையின் மஞ்சள் கருவை மட்டும் சேர்த்துப் பிசைந்து, மெல்லிசாகத் தேய்த்து, கத்தியால் இடியாப்பத்தைவிடக் கொஞ்சம் தடிமனாக வெட்டியது, மேலே வெண்ணெயும் அதில் பொரித்த சேஜ் இலையும், வேறு ஒன்றுமில்லை. அதோடு அவர்களுடைய நெபியோலோ ஒயின். சாப்பிட்டு முடிக்கும்வரை நான் வாயே திறக்கவில்லை, அக்கா பயந்துவிட்டாள்.

என் கட்சி இதுதான்: இத்தாலியில் உள்ளூர்ச் சாப்பாடு இன்னும் உயிரோடு இருப்பது இந்த மாதிரிச் சின்னக் குடும்பங்களால்தான். பெரிய கம்பெனி வந்தால் முதலில் ஒயின் மாறும், அப்புறம் சாப்பாடு காணாமல் போகும். மறுப்பவர்கள் வாருங்கள்.

பழைய_கணக்கன்:
வந்துவிட்டேன். தம்பி, நீங்கள் போன அதே பார்பரெஸ்கோவை எடுத்துக்கொள்வோம். அங்கே 1958 வரை உங்கள் ஐந்து ஹெக்டேர் குடும்பங்கள் என்ன செய்துகொண்டிருந்தன தெரியுமா? பெரும்பாலும் திராட்சையைப் பக்கத்து ஊரான ஆல்பாவின் சந்தைக்குக் கொண்டுபோய், வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தன. பறித்த பழம் இரண்டு நாள் தாங்காது, அது வியாபாரிக்கும் தெரியும். அப்புறம் ஊர்ப் பாதிரியார் ஃபியொரீனோ மரெங்கோ 19 குடும்பங்களைச் சேர்த்து ஒரு கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தார். முதல் மூன்று வருஷத்து ஒயின் தேவாலயத்தின் அடித்தளத்தில்தான் தயாரானது. அதுதான் ப்ரொதுத்தோரி தெல் பார்பரெஸ்கோ. இன்றைக்கு ஐம்பது சொச்சம் குடும்பங்கள், உலகம் முழுக்கப் பெயர். அதற்கும் முன்னால் 1894-இல் தொமீட்சியோ கவாட்சா அதே ஊரில் ஒரு கூட்டுறவு தொடங்கியிருந்தார், முசோலினி காலத்தில் அது மூடப்பட்டது.

ஊரைக் காப்பாற்றியது சங்கம். இன்னொன்று, சிரிக்காதீர்கள், சாக்லேட் ஃபேக்டரி. ஆல்பாவில் 1946-இல் தொடங்கிய ஃபெர்ரேரோ, நுட்டெல்லா செய்கிற அதே கம்பெனி, மலைக்கிராமங்களுக்குப் பஸ் விட்டு ஆட்களைக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டது. சம்பளம் ஃபேக்டரியில், தோட்டம் வீட்டில், அதனால்தான் பல குடும்பங்கள் நிலத்தை விட்டு ஓடவில்லை. உங்கள் பாட்டி கதையில் நுட்டெல்லாவுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

கடலைமிட்டாய்:
சங்கம் என்றாலும் அதற்குள் இருப்பது யார் சார்? அதே குடும்பங்கள்தானே. நெல் கொள்முதல் நிலையம் விவசாயத்தைக் காப்பாற்றியது என்று சொன்னால் விவசாயி இல்லாமல் ஆகிவிடுமா?

நான் சொல்வது ருசி விஷயம். பரோலோ ஊரில் பார்தொலோ மஸ்கரெல்லோ என்று ஒருவர் இருந்தார், 2005-இல் காலமானார். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் பிரெஞ்சுக்காரர்களைப் பார்த்துச் சின்னப் புது ஓக் பீப்பாய்க்கு, அதாவது பாரிக்குக்கு, மாறியபோது அவர் மாட்டேன் என்று பழைய பெரிய பீப்பாயிலேயே நின்றார். லேபிளில் தன் கையால் "பாரிக்கும் வேண்டாம், பெர்லுஸ்கோனியும் வேண்டாம்" என்று வரைந்து ஒட்டியவர் (பெர்லுஸ்கோனி அந்நாட்டு அரசியல்வாதி). அவருக்கு அப்புறம் மகளும் அதே வழிதான். ஒரு கம்பெனியின் இயக்குநர் குழுவில் இப்படி ஒரு பிடிவாதம் நடக்குமா?

பழைய_கணக்கன்:
பிடிவாதக் கதை என்றால் என்னிடமும் ஒன்று இருக்கிறது. அதே பரோலோ பகுதி, லா மொர்ரா. 1983-இல் எலியோ அல்தாரே, பிரான்ஸின் ஒயின் பகுதியான பர்கண்டி போய்ப் பார்த்துவிட்டு வந்த மகன், அப்பாவின் பெரிய பீப்பாய்களை மரம் அறுக்கிற மெஷினால் அறுத்துப் போட்டார். அப்பா அவருக்குச் சொத்தில் பங்கில்லை என்று எழுதிவைத்துவிட்டார். இதுவும் குடும்பத் தயாரிப்புதான் தம்பி. பாரம்பரியத்தை வைத்திருந்ததும் குடும்பம், அறுத்ததும் குடும்பம். இத்தனைக்கும் அல்தாரேயின் ஒயினுக்கு அப்புறம் நல்ல மதிப்பும் வந்தது.

1986-ஐயும் மறக்கக்கூடாது. மெத்தனால் கலந்த ஒயின் குடித்து இத்தாலியில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கலப்படத்தின் மையம் உங்கள் லாங்கேயின் ஓரத்தில் இருக்கும் நர்த்சோலே. தகப்பனும் மகனும் நடத்திய கம்பெனி. 1984-இல் மெத்தனால் மீதான வரியை எடுத்துவிட்டார்கள், அது சர்க்கரையைவிடச் சல்லிசாகிவிட்டது, போதை அளவைக் கூட்ட அதை ஊற்றினார்கள். கள்ளக்குறிச்சியைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கடலைமிட்டாய்:
அது லாரி லாரியாகச் சல்லிசு ஒயின் வாங்கி விற்கிற வியாபாரம், அதைத் தோட்டக்காரக் குடும்பத்தோடு சேர்த்துக் கட்டாதீர்கள். சொல்லப்போனால் அந்தச் சாவுகளுக்கு அப்புறம்தான் "யார் செய்தது, எந்தத் தோட்டம்" என்று சனங்கள் கேட்க ஆரம்பித்தார்கள். பாட்டிலில் வீட்டுப் பெயரைப் போட்டுவிட்டுக் கலப்படம் செய்தால் அடுத்த நாள் ஊரில் தலைகாட்ட முடியாது. 1986-ஐ நீங்கள் உங்கள் பக்கம் எழுதிக்கொண்டீர்கள், நான் என் பக்கம் எழுதிக்கொள்கிறேன்.

பூண்டு_ரசம்:
இரண்டு பேரும் பீப்பாயைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள், முதல் பதிவில் இருக்கிற சாப்பாட்டை அப்புறம் யாரும் தொடவே இல்லை.

அந்த ஊரின் உண்மையான அறுவடைச் சாப்பாடு பாஞா காவ்தா. பூண்டு, நெத்திலி வகை உப்புமீன், எண்ணெய், மூன்றையும் மெல்லிய தீயில் கரைய விட வேண்டும். மண்சட்டிக்குக் கீழே ஒரு மெழுகுவர்த்தி எரியும், சுற்றி உட்கார்ந்து குடைமிளகாய், முட்டைக்கோஸ், வளைந்த கார்தோ தண்டு என்று ஒவ்வொன்றாகத் தோய்த்துத் தின்பார்கள். சட்டியில் கடைசியாக மிஞ்சுவதில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறுவார்கள். அதுதான் சண்டையே வருகிற இடம், யாருக்கு எவ்வளவு என்று.

இதைக் காப்பாற்றியது குடும்பமுமில்லை, கம்பெனியுமில்லை, குளிரும் பூண்டு நாற்றமும்தான் என்பேன். எல்லோரும் சேர்ந்து தின்றால்தான் மறுநாள் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது! கூட வைப்பதும் பெரும்பாலும் பார்பேரா மாதிரித் தினப்படி ஒயின், பரோலோ இல்லை. அப்புறம் "உள்ளூர்" என்று உருகுபவர்களுக்கு ஒரு தகவல்: லாங்கே இருக்கிற பீட்மான்ட் மாநிலத்தில் கடலே கிடையாது. மீன் லிகூரியக் கரையிலிருந்து மலை தாண்டி உப்பு வண்டிகளோடு வந்தது. 2005-இல் ஆஸ்தி பக்கத்துக்காரர்கள் இதன் செய்முறையை நோட்டரியிடம் பதிவே செய்து வைத்தார்கள். பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு முழுப் பூண்டு, மீன் அறுநூறு கிராம். எந்த ஊர் மீன் என்று அதிலேயே எழுதியிருக்கிறது: ஸ்பெயின்.

நான் ஒரு தடவை நெத்திலிக் கருவாட்டில் செய்து பார்த்தேன். செய்யாதீர்கள். அவர்களுடையது உப்பில் ஊறிய மீன், எண்ணெயில் போட்டதும் கரைந்துவிடும். நம் கருவாடு வெயிலில் காய்ந்தது, கடைசிவரை சருகாகவே மிதந்தது. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் பால்கனிக் கதவை மட்டும் திறந்து வைத்தார்.

பலெர்மோக்காரன்:
எல்லாரும் தின்கிறதையும் குடிக்கிறதையும் கதைக்கிறீர்கள், பறிக்கிறது யார்? நான் சிசிலிக்கு வந்து இருபது வருடம், இப்போது ஒரு உணவகச் சமையலறையில் வேலை. வந்த புதிதில் ஒரு பருவம் திராட்சை வெட்டப் போனேன். முதல் வாரம் ஒரு சின்னக் குடும்பத்தின் தோட்டம். வெட்டுகிற கத்தரிக்கோல் நல்ல கூர், முதல் நாளே என் விரலில் பட்டுவிட்டது, அந்த அம்மாதான் துணி கட்டிவிட்டு மத்தியானம் தங்கள் மேசையிலேயே சாப்பாடு போட்டார். அடுத்த வாரம் ஒரு ஏஜென்ட் வழியாக வேறு இடம். விடிய நாலு மணிக்கு வான், வானுக்குக் காசு, தண்ணிப் போத்தலுக்கும் காசு, எல்லாம் கூலியில் கழிவு.

இதை இங்கே கப்பொராலாத்தோ என்பார்கள். 2016-இல் இதற்கெதிராக 199-ஆம் சட்டம் வந்தது, ஆனாலும் ஓயவில்லை. கணக்கன் அண்ணைக்கு ஒரு சொல்: பீட்மான்ட் பக்கமும் வெட்டுவதற்கு மசிடோனியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், அவர்களை அனுப்புவதில் சில "கூட்டுறவு" என்றே பெயர் வைத்துக்கொண்டிருக்கின்றன. ஒரு முழம் நிலம் கிடையாது, ஆள் மட்டும் சப்ளை. கூட்டுறவு என்ற பெயரைக் கண்டு மயங்க வேண்டாம்.

பழைய_கணக்கன்:
அந்த அடி எனக்கு வேண்டியதுதான், வாங்கிக்கொள்கிறேன். நான் சொன்ன சங்கம் வேறு, நீங்கள் சொல்வது வேறு, ஆனால் பெயர் ஒன்று என்பது உண்மை.

ஆனால் கடலைமிட்டாய் தம்பிக்கு ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. பரோலோவில் நல்ல சரிவில் ஒரு ஹெக்டேர் இன்று பத்து லட்சம் யூரோவைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. அண்ணன் ஒயின் செய்கிறான், தங்கை மிலானில் வேலை பார்க்கிறாள் என்று வையுங்கள். இத்தாலியச் சட்டப்படி அவளுக்குரிய பங்கை இல்லையென்று சொல்ல முடியாது. அவள் பங்குக்குப் பணம் கொடுக்க அண்ணன் எத்தனை வருஷம் பாட்டில் விற்க வேண்டும்? அப்பா இறந்து வருஷம் திரும்புவதற்குள் வாங்குகிறவன் வாசலில் நிற்பான். 2016-இல் வியெத்தி என்ற பழைய குடும்பத்து நிறுவனமே அமெரிக்காவின் ஐயோவாவைச் சேர்ந்த குடும்பத்திடம் போனது. குடும்பம் என்பது காப்பு என்கிறீர்கள், விற்கிற காரணமும் அதுதான்.

கடலைமிட்டாய்:
இதற்கு என்னிடம் பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். வாங்கியதும் ஒரு குடும்பம்தான் என்று சொல்லலாம், நீங்கள் அடிக்க வருவீர்கள்.

இதைவிட மோசமான விஷயம் ஒன்று. நேற்று இந்தத் திரியை அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். "அந்தப் பாட்டி பீட்மான்ட்காரியே இல்லைடா, தெற்குக் கோடியில் இருக்கிற கலாப்ரியா" என்றாள். அறுபதுகளில் இங்கத்துப் பெண்கள் தோட்டக்காரனைக் கட்டமாட்டேன் என்று ஃபேக்டரிப் பக்கம் போய்விட, கல்யாணத் தரகர்கள் தெற்கே போய்ப் பெண் பார்த்துக்கொண்டு வந்தார்களாம், அந்தத் தரகர்களை இந்த ஊர்ப் பேச்சில் பச்சாலே என்பார்கள். அப்படி வந்தவர்தான். தாயரின் வெட்ட மாமியார் சொல்லிக்கொடுத்திருக்கிறார். முதல் இரண்டு வருஷம் எதுவும் சரியாக வரவில்லை என்று அவரே சிரித்தாராம்.

நான் இதையும் என் பக்கமே எழுதிக்கொள்கிறேன்: சொல்லிக்கொடுத்தது குடும்பம்.

பழைய_கணக்கன்:
நான் என் பக்கம்: வந்தது ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து.

பூண்டு_ரசம்:
கலாப்ரியாக்காரர் என்றால் மிளகாய் இல்லாமல் இருந்திருக்க மாட்டாரே. அறுபது வருஷமாக மாமியாருக்குத் தெரியாமல் எதிலாவது போட்டிருக்கிறாரா என்று உங்கள் அக்காவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.