ஃபால்ட் பாதையில் ஐநோட் லாக்: ரிவர்ட்டா, மேலே இன்னொரு பேட்சா?

கர்னல்கிறுக்கன்: லினக்ஸ் கர்னலில் ஹோல் பஞ்ச் (ஃபைலின் நடுவே ஒரு பகுதியின் இடத்தை விடுவிப்பது) நடக்கும்போது பேஜ் ஃபால்ட் (மெமரியில் இல்லாத பக்கத்தைத் தொட்டால் கர்னல் அதைக் கொண்டுவருவது) குறுக்கிடும் ரேஸுக்காக (இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் மோதும் பிழை), ஃபால்ட் பாதையில் ஐநோட் லாக்கை (ஒரு ஃபைலுக்கான பூட்டு) எடுக்கவைத்த பேட்ச் போன மாதம் எங்கள் ஃபைல்சிஸ்டத்தில் சேர்ந்தது. இப்போது ரைட் லோட் ஏறினாலே மெஷின் தொங்குகிறது. ரிவர்ட் (அந்த பேட்சை விலக்கும் பேட்ச்) அனுப்பப்போகிறேன்.

பிளாக்_காவலன்: கொஞ்சம் பொறுங்கள். தொங்கினால் உடனே தெரியும். பழைய பிழை சத்தமே போடாது. பஞ்ச் செய்து விடுவித்த பிளாக் வேறு ஃபைலுக்குப் போன பிறகு, பழைய மேப்பிங் வழியாக எழுதினால் அடுத்தவன் ஃபைல் கெடும். எது மோசம்?

கர்னல்கிறுக்கன்: தொங்கிய மெஷினிலும் டிஸ்க்குக்குப் போகாத டேட்டா போய்விடுமே! லாக் வரிசையே தப்பு. ஃபால்ட்டில் எம்மேப் லாக் (ப்ராசஸின் மெமரி மேப்பிங்குகளுக்கான பூட்டு) முதலில், ஐநோட் லாக் அப்புறம். ரைட்டில் தலைகீழ்: ஐநோட் லாக்கைப் பிடித்தபடி யூசர் பஃபரைத் தொடுகிறோம், அங்கே ஃபால்ட் வந்தால் எம்மேப் லாக் வேண்டும். அந்த பஃபரே அதே ஃபைலின் எம்மேப் (மெமரியில் மேப் செய்த பகுதி) என்றால், ஒரே த்ரெட் தன் லாக்குக்குத் தானே காத்துக்கிடக்கும்.

பிளாக்_காவலன்: ட்ரைலாக் (காத்திருக்காமல் லாக்கைக் கேட்டுப் பார்ப்பது) போட்டு, கிடைக்காவிட்டால் மறுபடி முயலட்டுமே?

லாக்டெப்_ரசிகை: நீங்களே பிடித்திருக்கும் லாக் எத்தனை முறை முயன்றாலும் கிடைக்காது, சிபியு சுற்றிக்கொண்டே இருக்கும். இதற்கென்றே லினக்ஸ் 5.15-இல் இன்வேலிடேட் லாக் வந்தது. ஃபால்ட் அதைப் பகிர்ந்து எடுக்கும், பஞ்ச் தனியாக எடுக்கும். லாக்டெப் (லாக் வரிசைத் தவறுகளைக் கண்டுபிடிக்கும் கருவி) 2006 முதல் கர்னலில் இருக்கிறது. அதை ஆன் செய்து ஒரு ரைட், ஒரு ஃபால்ட் ஓட்டியிருந்தால் தொங்காமலே எச்சரித்திருக்கும். யாரும் ஓட்டவில்லை போல.

பிளாக்_காவலன்: அப்படியானால் இன்வேலிடேட் லாக்குக்கே மாற்றிவிடுங்கள். நடுவில் பழைய ரேஸைத் திரும்பத் திறந்துவிடுவானேன்?

கர்னல்கிறுக்கன்: ஆர்சி6-இலா (ரிலீஸுக்கு முந்தைய ஆறாவது சோதனைப் பதிப்பு)? ட்ரங்கேட் (ஃபைலைச் சுருக்குவது), பஞ்ச், கொலாப்ஸ் (நடுப்பகுதியை நீக்கி மீதியை ஒட்டுவது) எல்லாவற்றையும் தொடவேண்டும். அவசரத்தில் எழுதி இன்னொரு ரிவர்ட் அனுப்ப எனக்கு விருப்பமில்லை. அது அடுத்த மெர்ஜ் விண்டோவுக்கு (புதிய மாற்றங்களை ஏற்கும் காலம்).

பிளாக்_காவலன்: சரி. ரேஸ் திரும்ப வருகிறது என்று ரிவர்ட் செய்தியின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். ஸ்டேபிளுக்கும் (வெளியான பதிப்புகளுக்கான திருத்தக் கிளை) போன பேட்ச் அது, அங்கேயும் ரிவர்ட் போகவேண்டும். ரேஸுக்கு எழுதிய டெஸ்ட்டையும் சேர்த்துத் தூக்கிவிடாதீர்கள்.

கர்னல்கிறுக்கன்: டெஸ்ட் அப்படியே இருக்கும். அதுவரை தினமும் ஃபெயில் காட்டட்டும்.