கிளட்ச் பெடல் மேலே எழவில்லை, அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்

வணக்கம். தினமும் ஓட்டும் என் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் கிளட்ச் பெடலை மிதித்தால் கீழேயே நின்றுவிடுகிறது. ரிவர்ஸ் போட்டால் கியர் உரசும் சத்தம் வேறு. ஃப்ளூயிட் அழுத்தத்தால் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பார்த்தேன், உள்ளே ஈரம். சீல் போயிருக்க வேண்டும். கிளட்ச் பைப்பில் இருக்கும் டாட் 4 ஃப்ளூயிடும் கறுத்துவிட்டது. காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் திரவம் என்பதால் மொத்தமாக மாற்றப் போகிறேன்.

ஸ்லேவை மட்டும் மாற்றினால் போதுமா, பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்தே மாற்றிவிடலாமா? இரண்டுக்கும் ஒரே வயது, அதனால்தான் தயக்கம். பெடல் மிதிக்க ஆள் இல்லாமல் பைப்பில் புகுந்த காற்றைத் தனியாக வெளியேற்ற நம்பகமான வழி எது? அப்புறம், துருப்பிடித்து இறுகிய பைப் நட்டை முனை மழுங்காமல் கழற்றுவது எப்படி? பைப் நட்டைச் சுற்றிப் பிடிக்கும் ஃப்ளேர் நட் ஸ்பேனர் இருக்கிறது. இந்த வண்டியை என் கையாலேயே சரிசெய்து ஓட்ட வேண்டும் என்று ரொம்ப ஆசை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.