சுங்கை சிப்புட்டில் நகையும் பத்திரங்களும் எங்கே வைப்பது?

வணக்கம் அக்கா, அண்ணன்மார்களே. திருமணமாகித் தமிழ்நாட்டிலிருந்து இங்கே மலேசியாவுக்கு வந்தவள் நான். தோட்டத்து லயன் வீட்டில் இருக்கிறோம். பகலில் இருவரும் வேலைக்குப் போய்விடுவதால் வீடு பூட்டித்தான் கிடக்கும். அம்மா போட்ட நகை, இந்தியப் பாஸ்போர்ட், கல்லூரிச் சான்றிதழ் எல்லாம் அலமாரியில் இருக்கின்றன. பக்கத்து வரிசையில் திருடு போனதிலிருந்து எனக்கு நிம்மதியே இல்லை.

ஈப்போவில் வங்கிப் பெட்டகம் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: குடியுரிமை இல்லாத மனைவியின் பெயரையும் சேர்ப்பார்களா? வாடகை எவ்வளவு? வங்கியில் போடும் பணத்துக்குக் காப்புறுதி தரும் பிஐடிஎம் அமைப்பின் பாதுகாப்பு பெட்டகத்தில் வைக்கும் பொருளுக்குக் கிடையாது என்பதால், நகைக்குத் தனிக் காப்புறுதி எடுத்தவர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள். நகையை அடகுக்கடையில் வைத்துவிடு என்கிறார்கள் சிலர். பத்திரமாக வைப்பதற்காக வட்டி கட்ட எனக்கு மனமில்லை.

சான்றிதழ்களை இந்திய அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் பார்க்கலாம்தான், ஆனால் ஓடிபி ஊர் சிம்முக்குத்தான் வருகிறது. இங்கிருந்தே அந்த சிம்மை உயிரோடு வைத்திருப்பது எப்படி?

அப்புறம் இன்னொன்று. இங்கே சாப்பாட்டுக் கடையில் வேலை செய்யும் எங்கள் ஊர்த் தம்பியின் பாஸ்போர்ட்டை முதலாளி ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று வாங்கி வைத்திருக்கிறார். மலேசியாவின் 1966ஆம் ஆண்டு கடப்பிதழ் (பாஸ்போர்ட்) சட்டப்படி அனுமதியின்றி அடுத்தவர் பாஸ்போர்ட்டை வைத்திருப்பது குற்றம். வேலை போகாமல் அதைத் திரும்பக் கேட்டு வாங்கியவர்கள் இருந்தால் தயவுசெய்து வழி சொல்லுங்கள்.