குடியை ஒழித்தால் அடி நின்றுவிடுமா?

கதிரவன்:
மதுக்கடைகளை மூடினால் பாதி வீடுகளில் மனைவிமார் மீது விழும் அடி நின்றுவிடும் என்பது என் உறுதியான எண்ணம். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். அடிக்கடி போதையில் இருக்கும் கணவர்களுடைய மனைவியரில் 70 சதவீதம் பேர் அவர்களிடம் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். குடிக்காத கணவர்கள் என்றால் அது 23 சதவீதம். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

தாமரை:
அந்த 23 சதவீதப் பெண்களை எங்கே விட்டுவிட்டீர்கள், அண்ணா? அவர்களை அடித்தவன் முழு நிதானத்தில் அடித்திருக்கிறான். பீகாரில் 2016 ஏப்ரல் முதல் மதுவிலக்கு. அதே ஆய்வில் அங்கே கணவனிடம் வன்முறைக்கு ஆளானவர்கள் 40 சதவீதம். கடைகள் திறந்திருக்கும் தமிழ்நாட்டில் 38. கேரளத்தில் ஏறக்குறைய 10. கேரளத்திலும் மது விற்கிறார்களே! குடித்தவன் தன் முதலாளி மீது கை ஓங்குவதில்லை. யாரை அடித்தால் கேட்க ஆளில்லை என்பது போதையிலும் அவனுக்குத் தெரிகிறது.

கதிரவன்:
பீகாரில் கள்ளச்சாராயம் ஓடுகிறது, அதைக் கணக்கில் எடுங்கள். எங்கள் தெருவில் வாரக்கூலி சனிக்கிழமை இரவே கரைகிறது. அரிசிக்குப் பணம் கேட்டவளுக்கு அடி விழுகிறது. அந்தப் பெண்ணிடம் போய்க் குடி காரணமில்லை என்று சொல்வீர்களா?

முத்துலட்சுமி:
தம்பி, குடி அடியைக் கூட்டுகிறது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அடிக்கலாம் என்ற துணிவு குடிக்கு முன்பே வந்துவிடுகிறது. அப்பா அம்மாவை அடிப்பதைப் பார்த்து வளர்ந்த பெண்களுக்குக் கணவனிடமும் அடி அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. கணவன் சந்தேகப்படுவது, போனைச் சோதிப்பது, பிறந்த வீட்டுக்குப் போகவிடாமல் தடுப்பது எல்லாம் அடிக்கு முந்தைய அடையாளங்கள். நீங்கள் சொல்லும் அதே ஆய்வில் ஏதாவது ஒரு காரணத்துக்காகக் கணவன் அடிப்பது சரிதான் என்று சொன்ன பெண்களே 45 சதவீதம். ‘பொறுத்துப் போ’ என்று சொல்லித்தானே மகள்களை அனுப்புகிறோம்? வன்முறைக்கு ஆளானவர்களில் உதவி தேடியவர்கள் 14 சதவீதம் மட்டுமே.

கதிரவன்:
உதவி கேட்டு எங்கே போவாள், அம்மா? பிள்ளைகளோடு நடுத்தெருவுக்கா?

முத்துலட்சுமி:
2005 குடும்ப வன்முறைச் சட்டம் அதற்குத்தான் வந்தது. வீடு கணவன் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருந்தாலும், குடும்பமாக வாழ்ந்த வீட்டில் தங்க அவளுக்கு உரிமை உண்டு. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், மனு எழுதவும் உதவுவார். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைக்கலாம்.

தாமரை:
மனுவை நீதிமன்றம் முதல் விசாரணையிலிருந்து 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அது இழுக்கிறது, அம்மா. கடையை மூடச் சொல்லும் குரலில் பாதியாவது இந்தத் தாமதத்தை எதிர்த்து எழட்டும்.

கதிரவன்:
எழுப்புகிறேன், சகோதரி. கடையை மூடச் சொல்வதையும் விடமாட்டேன். நாளை அந்தத் தெருவில் 181 எண்ணைச் சொல்லிவிட்டு வருகிறேன்.

முத்துலட்சுமி:
அவன் எதிரில் சொல்லாதீர்கள், தம்பி. அவள் தனியாக இருக்கும்போது ஒரு பெண் போய்ச் சொல்லட்டும்.