உப்பு தின்ற காரை வசந்தத்துக்குத் தயார் செய்வது: கடைக்காரர் தந்த பட்டியலில் எது வேண்டும்?

புதுக்குளிர் (பிராம்டன்):

எல்லோருக்கும் வணக்கம். போன கோடையில் கோயம்புத்தூரில் இருந்து கனடா வந்தோம், இது எங்களுக்கு முதல் குளிர்காலம். கார் 2014 கொரோலா, செகண்ட் ஹேண்ட். 1,48,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஜனவரி, பிப்ரவரி முழுக்க, பனி உருகச் சாலையில் கொட்டும் உப்பிலும் சேற்றுப் பனியிலும்தான் ஓட்டினேன். கதவுக்குக் கீழே வெள்ளை வெள்ளையாகப் படிந்து கிடக்கிறது, உள்ளே காலடியிலும் அப்படியே.

குளிர்கால டயரைக் கழற்றி வழக்கமான டயர் மாட்ட விலை கேட்கப் போன ஒரு கடையில் 'ஸ்பிரிங் பேக்கேஜ்' என்று ஒரு தாளை நீட்டினார்கள். வீல் அலைன்மென்ட், பிரேக் சர்வீஸ், கூலன்ட் மாற்றம், இன்ஜெக்டர் கிளீனிங், கேபின் ஃபில்டர், கோடைக்கான ஆயில். மொத்தம் 900 டாலருக்கு மேல். இதில் எது காருக்கு, எது கடை வாடகைக்கு? டயரை எப்போது மாற்றுவது? ஊரில் மழைக்காலம் முடிந்தால் வாட்டர் சர்வீஸ் விட்டு, வைப்பரை மாற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். இங்கே எங்கே தொடங்குவது என்றே புரியவில்லை.

ஸ்காபுறோ அண்ணை:

தம்பி, அந்தத் தாளைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் காரின் அடியைக் கழுவுங்கள். உப்பைத் தின்றது தண்ணீர் குடிக்கத்தானே வேண்டும்.

மைனஸ் 15 இல் நிற்கும்போது உப்பு காருக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. வெயில் ஏறி ஈரமும் சேரும்போதுதான் கறள் (துரு) ஓட்டமெடுக்கும். அதனால் ஜனவரியை விட இப்போதுதான் கவனம் வேண்டும். றோட்டில் உப்புக்கல் மட்டும் போடுவதில்லை, ஸ்னோ வருவதற்கு முன்பே உப்புத் தண்ணீரையும் தெளிக்கிறார்கள். அது எந்த இடுக்குக்குள்ளும் போய் ஒட்டிக்கொள்ளும். முதல் வெயிலுக்கே பொனட்டுக்கு மெழுகு பூசி மினுக்குகிற ஆட்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். இந்த நாட்டில் கார் கீழேயிருந்துதான் சாகிறது.

நல்ல மழை ஒன்று பெய்து றோட்டு கழுவுப்படட்டும். பிறகு, புல்லுக்குத் தண்ணீர் விடுகிற ஸ்பிரிங்க்ளரைக் காருக்கு அடியில் தள்ளிவிட்டுக் குழாயைத் திறந்து விடுங்கள். முன்பக்கம் கொஞ்ச நேரம், பின்பக்கம் கொஞ்ச நேரம். சவர்க்காரம் வேண்டாம். ஒன்று மட்டும்: குளிர்காலத்துக்காக மூடி வைத்த வெளிக்குழாயை, இரவு உறைபனி நின்ற பிறகே திறவுங்கள். இல்லாவிட்டால் காரைக் காப்பாற்றப் போய் வீட்டுக் குழாய் வெடிக்கும். அபார்ட்மென்டில் இருந்தால், அடிப்பக்கமும் கழுவுகிற கார்வாஷாகப் பார்த்து விடுங்கள்.

கழுவின பிறகு முழங்காலில் இருந்து கதவின் கீழ் விளிம்பைத் தடவிப் பாருங்கள். சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்குகிற மழைத் தண்ணீர் வெளியேறுவது அதால்தான். மண்ணும் உப்பும் அதை அடைத்துவிடும். ஒரு கேபிள் டையை நுழைத்துக் கிண்டினால் சாம்பல் நிறச் சேறு வழியும், கையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அடைத்தபடியே விட்டால் தண்ணீர் உள்ளேயே நின்று கறளாக்கும். வெளியே பெயின்ட் கொப்பளிக்கும்போது காரியம் கைமீறியிருக்கும்.

இனி உங்கள் தாள். பிரேக் சேர்விஸ் கட்டாயம், அதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். சில்லோடு (வீல்) சுழலும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்துவது பாட், அதை அழுத்துவது கலிப்பர். கலிப்பர் வழுக்கி ஓடுகிற ஊசிகளும், பாட் உட்கார்ந்திருக்கும் தகடுகளும் உப்பில் இறுகிவிடும். அப்போது ஒரு பக்கத்துப் பாட் தேய்ந்து இரும்பு தெரியும், மற்றப் பக்கத்துப் பாட் புதிதுபோல இருக்கும். கழற்றி, கம்பித் தூரிகையால் சுரண்டி, பிரேக்குக்கு உரிய கிறீஸ் பூசிப் பூட்டினால் போதும், பாட் நல்லதென்றால் மாற்றத் தேவையில்லை. இறுகியிருக்கிறதா என்று அறிய ஒரு வழி: கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு நிறுத்தி, ஒவ்வொரு சில்லுக்குக் கிட்டவும் கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அதுதான் கள்ளன். காலையில் டிஸ்க்கில் தெரிகிற செம்மஞ்சள் கறளுக்குப் பயப்படாதீர்கள், ஓடத் தொடங்கி நாலு தரம் பிரேக் பிடித்தால் போய்விடும்.

என்ஜினைக் குளிர வைக்கிற கூலன்ட் விஷயத்தில் கடைக்காரர் பிழையாகச் சொல்லவில்லை. டொயோட்டாவின் பிங்க் கூலன்டுக்கு முதல் மாற்றம் 10 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. உங்கள் கார் ஆண்டுக் கணக்கைத் தாண்டிவிட்டது. முந்திய சொந்தக்காரர் மாற்றிய ரசீது இல்லையென்றால் மாற்றிவிடுங்கள்.

என்ஜினுக்குள் பெற்றோலைத் தெளிக்கிற இன்ஜெக்டரின் கிளீனிங்கை வெட்டுங்கள், கார் நடுங்காமல் ஓடினால் அதைத் தொடவே தேவையில்லை. கோடைக்கென்று தனி ஆயிலும் இல்லை, உங்கள் காருக்கு வருடம் முழுக்க 0டபிள்யூ-20 ரக ஆயில்தான். அலைன்மென்ட், அதாவது சில்லுகளை நேர்ப்படுத்துவது, ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தால் அல்லது ரயர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் செய்யுங்கள். காருக்குள் வருகிற காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரை நீங்களே மாற்றலாம். குளவ் பொக்ஸைக் காலியாக்கி, வலப்பக்கம் பிடித்திருக்கும் சின்னக் கையைக் கழற்றி, இரண்டு பக்கச் சுவரையும் உள்நோக்கி அமுக்கினால் முழுதாகக் கீழே விழும். பின்னால் ஃபில்டர். காய்ந்த இலையும் சில நேரம் எலி சேர்த்த பஞ்சும் இருக்கும்.

ரயருக்கு நாட்காட்டியைப் பார்க்காதீர்கள். நாளின் சராசரி வெப்பநிலை 7 பாகைக்கு (டிகிரி செல்சியஸ்) மேலே நிற்கத் தொடங்கியதும் மாற்றுங்கள். ரொறன்ரோப் பக்கம் பெரும்பாலும் ஏப்ரல் நடுப்பகுதி. அதற்குப் பிறகும் வின்டர் ரயரில் ஓடினால், மென்மையான ரப்பர் சூட்டில் கெதியாகத் தேயும். மாற்றும்போது பக்கவாட்டில் முட்டை மாதிரிப் புடைப்பு இருக்கிறதா என்று உள்பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். குழியில் விழுந்து உள்ளே நூல் அறுந்தால் அப்படித்தான் வரும். அதை ஒட்ட முடியாது, வீசத்தான் வேண்டும். சில்லு உட்காருகிற இடத்துக் கறளைச் சுரண்டிவிட்டுப் பூட்டச் சொல்லுங்கள். நட்டு இறுக்கம் கொரோலாவுக்கு 76 ஃபுட் பவுண்ட். 100 கிலோமீட்டர் ஓடின பிறகு திரும்பவும் ஒருக்கா இறுக்கிப் பாருங்கள்.

ஓட்டவா மாமி:

அண்ணை உள்பக்கத்தை விட்டுவிட்டார், ஆண்கள் அப்படித்தான். தம்பி, காலடிக் கம்பளத்தில் உள்ள வெள்ளைக்கு, வெள்ளை வினிகரும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் சரிக்குச் சரி கலந்து தெளித்து, பழைய துவாயால் அழுத்தி ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம், இன்னும் உள்ளே இறங்கும். பிறகு கம்பளத்தின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி, அடியில் இருக்கிற பஞ்சை விரலால் அமத்திப் பாருங்கள். ஈரமென்றால் கதவைத் திறந்துவிட்டு ஒரு நாள் முழுக்க மின்விசிறி போடுங்கள். காலையில் கண்ணாடி உள்ளால் புகார் (ஆவி) பிடிப்பதும், நனைந்த நாய் மணமும் அந்தப் பஞ்சால்தான். வைப்பருக்குக் கீழே சேர்ந்திருக்கிற இலை குப்பையையும் அள்ளுங்கள், அதன் வடிகால் அடைத்தாலும் தண்ணீர் உள்ளே வரும்.

மொன்றியல்காரன்:

எங்கள் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் ரயர் சட்டம். மார்ச் 16 அன்றே கழற்றிவிட்டு அடுத்த ஸ்னோவில் வழுக்குகிற அவசரக்காரர் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். 7 பாகைக் கணக்குத்தான் சரி. ரயர் காற்றையும் பாருங்கள், கடுங்குளிரில் அளவு பார்த்து அடித்திருந்தால் இப்போது கூடியிருக்கும். ஏறக்குறைய 5, 6 பாகை சூடு ஏறினால் காற்றழுத்தம் ஒரு பிஎஸ்ஐ ஏறும்.

புதுக்குளிர் (பிராம்டன்):

அண்ணா, மாமி, ரொம்ப நன்றி. கேபின் ஃபில்டரை இன்றே மாற்றிவிட்டேன், இலையோடு ஒரு இறகும் வந்தது. இன்னொரு சந்தேகம். டயரைக் கழற்றியபோது பின்னால் போகும் பிரேக் குழாய் பழுப்பாகத் துருப்பிடித்திருந்தது. உடனே மாற்ற வேண்டுமா?

ஸ்காபுறோ அண்ணை:

நிறம் மட்டும் மாறியிருந்தால் பயமில்லை. செதில் செதிலாக உரிந்தால், அல்லது எங்காவது ஈரமாக இருந்தால் ஓட்டவே வேண்டாம். என்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு இருங்கள். மிதி மெல்ல மெல்லக் கீழே போனால் இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். போகவில்லையென்றாலும், பிரேக் சேர்விஸுக்கு விடும்போது காரை உயர்த்தி அந்தக் குழாயை முழு நீளத்துக்கும் காட்டச் சொல்லுங்கள். பெற்றோல் டாங்கிக்கு மேலால் போகிற துண்டுதான் முதலில் போகும், நிலத்தில் படுத்துப் பார்த்தால் அது தெரியாது. மாற்றுவதென்றால் செப்பு நிக்கல் குழாயாகக் கேளுங்கள், கறள் பிடிக்காது.