பொருள்: 'எத்னிக் ஸ்டடீஸ்': இனக்குழு ஆய்வா, வேறு சொல்லா?

அனைவருக்கும் வணக்கம்.

இன அடிப்படையில் ஒதுக்கப்பட்ட மக்களின் வரலாற்றைக் கற்பிக்கும் கலிபோர்னியப் பள்ளிப் பாடமான 'எத்னிக் ஸ்டடீஸ்' பற்றிய பெற்றோர் கையேட்டுக்கு 'இனக்குழு ஆய்வுகள்' என்று இட்டிருக்கிறோம். ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை இது தாங்குமா?

———

> இனக்குழு ஆய்வுகள்

தாங்காது ஐயா. தமிழ் வரலாற்று நூல்களில் 'இனக்குழுச் சமூகம்' என்றால் அரசு தோன்றுமுன் இருந்த குடிகள். 1965-இல் கலிபோர்னியாவின் டெலானோ திராட்சைத் தோட்டங்களில் வேலைநிறுத்தத்தைத் தொடங்கிய பிலிப்பினோத் தொழிலாளரை அப்படி அழைத்தால் வாசகருக்குக் குலக்குறிதான் நினைவுக்கு வரும். 'ஆய்வு' பல்கலைக்கழகத்துக்குச் சரி. 1968 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய போராட்டத்தால் மறு ஆண்டு அங்கே இத்துறைக்கெனத் தனிப்புலமே உருவானது. ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சொல் பெரிது. 'இனவியல்' என்ற சொல் மானிடவியலின் ஒரு பிரிவான 'எத்னாலஜி'க்குப் போய்விட்டது.

'பண்பாட்டுக் கல்வி' என்று எழுதுவோரும் உண்டு. அதை ஏற்கவே கூடாது. அந்தப் பெயரைப் பார்க்கும் ஆசிரியர் ஒரு நாள் உணவு, ஒரு நாள் உடை என்று முடித்துவிடுவார். யாருடைய நிலம், சட்டம் எழுதியவர் யார், பாதிக்கப்பட்டவர் எப்படி எதிர்த்தார் என்பதே இப்பாடத்தின் கேள்வி.

இக்கேள்விகள் வகுப்பில் எப்படி எழும் என்று பாருங்கள். நான்காம் வகுப்பில் ஸ்பானிய மிஷன்கள், அதாவது பூர்வகுடியினரைக் கிறித்தவராக்க ஸ்பானியப் பாதிரிகள் நிறுவிய குடியிருப்புகள், வருகின்றன. சர்க்கரைக் கட்டிகளை அடுக்கி மிஷன் மாதிரி செய்வது நெடுநாள் வழக்கம். மாநிலத்தின் 2016 பாடத்திட்டச் சட்டகம் அதை வேண்டாம் என்றது. மாதிரியில் சுவரும் மணிக்கூண்டும் இருக்கும். அங்கே உழைத்து, நோயில் மாண்ட பூர்வகுடியினர் இருக்கமாட்டார்கள். ஒரு மிஷனின் ஞானஸ்நானப் பதிவுகளையும் இறப்புப் பதிவுகளையும் அருகருகே வைத்து எண்ணச் சொல்லலாம். கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும்.

உயர்நிலையில், இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினரை வீடுகளிலிருந்து வெளியேற்ற வழிவகுத்த 1942-இன் 9066-ஆம் நிர்வாக ஆணை. 'ஜப்பானியர்' என்ற சொல்லை அதில் தேடச் சொல்லுங்கள், கிடைக்காது. பிறகு தெருவில் ஒட்டிய வெளியேற்ற அறிவிப்பைக் கொடுங்கள். அதில் வெளிப்படையாக இருக்கும். சுமார் 1,20,000 பேரைப் பத்து முகாம்களுக்கு அனுப்பிய சட்டமொழி எப்படி வேலை செய்தது என்று மாணவர்களே கண்டுகொள்வர். முகாமை நடித்துக் காட்டவைப்பதுதான் தவறாகப் போகும் இடம். துயரம் விளையாட்டாகிவிடும், அவ்வழி வந்த பிள்ளை வகுப்பில் காட்சிப்பொருளாகிவிடும்.

என் பரிந்துரை 'இனத்துவக் கற்கை'. கொழும்பில் 'இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையம்' என்ற பெயரில் ஏற்கெனவே வழங்குகிறது. கற்பதும் ஆராய்வதும் 'கற்கை'யில் அடங்கும்.

———

> இனத்துவக் கற்கை

'கற்கை' அருமை. 'இனத்துவம்' தமிழ்நாட்டுக் காதில் ஏதோ ஓர் அரசியல் கொள்கைபோல் ஒலிக்கிறதே அம்மா? பெற்றோர் முதல் வரியிலேயே மிரள்வார்கள்.

———

சமத்துவம், தனித்துவம் என்பவற்றில் வரும் அதே '-த்துவம்'தான் ஐயா, தன்மையைக் குறிப்பது. 'இனக் கற்கை' என்று சுருக்கினால் ஓர் இனத்தைப் பற்றிய பாடம் என்றாகும். 2021 மாதிரிப் பாடத்திட்டமோ ஆப்பிரிக்க அமெரிக்கர், சிக்கானோ (மெக்சிக்க வம்சாவளியினர்)–லத்தீனோ, பூர்வகுடியினர், ஆசிய அமெரிக்கர்–பசிபிக் தீவினர் என நான்கு பிரிவுகளை முதன்மையாக வைக்கிறது. தயக்கத்தைப் போக்கக் கையேட்டில் முதன்முறை வரும்போது மட்டும் விளக்கம் சேர்ப்போம். பாடத்துக்கு ஒருமை, பல்கலைக்கழகத் துறைக்குக் 'கற்கைகள்' எனப் பன்மை. பதிவு இப்படி:

இனத்துவக் கற்கை (பெயர்): இன அடிப்படையில் ஒதுக்கப்பட்ட மக்களின் வரலாறு, சட்டநிலை, எதிர்ப்பு, பங்களிப்பு ஆகியவற்றை அவர்களது சான்றுகள் வழியாகவே கற்கும் பாடம்.