புதுப்பிப்பு: செங்கோட்டை வீட்டு விளக்குக்கு ரிமோட்

முட்டுவலியால் அவதிப்படும் அம்மா படுக்கையிலிருந்தே விளக்கை அணைக்க, சுவரை உடைக்காமல் வழி உண்டா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். சுவிட்ச் பெட்டியில் நியூட்ரல் கம்பி (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) இல்லாததால், அங்கே முதலில் பொருத்திய ரிசீவர் (ரிமோட்டின் சிக்னலை வாங்கி விளக்கைப் போட்டு அணைக்கும் கருவி) தனக்கு வேண்டிய மின்சாரத்தைப் பல்பின் வழியாகவே எடுத்துக்கொள்ள, அணைத்த பிறகும் எல்இடி பல்பு மங்கலாக மினுங்கிக்கொண்டிருந்தது. எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி மெயினை அணைத்துவிட்டு, பேஸும் (கரண்ட் வரும் கம்பி) நியூட்ரலும் சேர்ந்து வரும் சீலிங் ரோஸை (கூரையில் விளக்கு வயரை இணைக்கும் வட்ட மூடி) ஒட்டி, மூடியுள்ள சிறு பெட்டிக்குள் 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் இயங்கும் ரிசீவர் ஒன்றை வைத்த பின் அந்த மினுக்கம் அடியோடு நின்றது. ரிசீவருக்குக் கரண்ட் வர பழைய சுவிட்சை எப்போதும் போட்டே வைக்க வேண்டும் என்பதால், அதன்மேல் டேப் ஒட்டியிருக்கிறேன். கரண்ட் போய் வந்தால் விளக்கு தானாக எரியாத ரிசீவர் மாடலாகக் கேட்டு வாங்குங்கள். சாரல் காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் போய்ப் போய் வருவதால் அது மிகவும் முக்கியம். நேற்றிரவு தலையணைக்கடியிலிருந்த ரிமோட்டை எடுத்து அம்மாவே விளக்கை அணைத்தார்.